பன்னிரண்டு கிராம் ஆப்ப சோடா

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. "ரீஃப் டேங்க்ல எதை டெஸ்ட் பண்றது? கடையில பத்து கிட் அடுக்கி வெச்சிருக்காங்க. எல்லாத்தையும் வாங்கணுமா?"

வேண்டாம். உப்பு அளக்கிற கருவி ஏற்கெனவே கையில இருக்குன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். இன்னும் ஒன்னே ஒன்னு வாங்கத்தான் காசு இருக்குன்னா, ஆல்கலினிட்டி கிட்டை வாங்குங்க. ஆனா அந்த கிட் சொல்ற நம்பரை எப்போ நம்பக் கூடாதுங்கிறதையும் சேர்த்துக் கத்துக்கணும். நான் அதைப் பன்னிரண்டு கிராம் ஆப்ப சோடாவைக் கொட்டி, மூணு பவளங்களைக் கொன்னு கத்துக்கிட்டேன். இன்னைக்கு அந்தக் கதை.

நான் இருக்கிறது சிங்கப்பூர்ல, ஒரு எச்.டி.பி. வீட்டுல. ஹால் ஓரமா 200 லிட்டர் தொட்டி. கல்லும் மணலும் அடைச்சுக்கிட்ட இடம் போக, உள்ளே உண்மையில இருக்கிற தண்ணி 160 லிட்டர்தான். இந்த 160-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, கணக்குல திரும்பத் திரும்ப வரும். தொட்டி மேல ஒட்டியிருக்கிற அளவை நம்பி எதையாவது போட்டீங்கன்னா, அங்கேயே கால்வாசி கூடுதலா விழுந்துடும்.

தொட்டியில இருக்கிறது பெரும்பாலும் கல் பவளங்கள், அதாவது சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டுற வகை. அதுல ஒரு பச்சை அக்ரோபோரா. அது நான் வாங்கினது இல்ல. எனக்கு இதையெல்லாம் கத்துக்கொடுத்தவர் ஒரு திருச்சிக்காரர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். பல வருஷம் இங்கே வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பினப்போ, டேங்கைக் கலைச்சு ஆளுக்கு ஒரு துண்டா கொடுத்துட்டுப் போனார். கூடவே எடுத்துட்டுப் போக முடியாது. கல் பவளங்கள் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள்ள வருது, உரிய அனுமதி இல்லாம எல்லை தாண்டக் கூடாது. இந்தியாவுல அதுக்கும் மேல, 2001-ல இருந்து கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. சென்னையில இருந்து கேட்கிறவங்க இதைக் கவனிங்க. "நம்ம கடல் பீஸ் சார், சீப்பா தர்றேன்"னு யாராவது கல் பவளத்தை நீட்டினா, வாங்காம வந்துடுங்க.

அந்த அக்ரோபோரா என் கைக்கு வந்தப்போ சுண்டு விரல் அளவு. ரெண்டு வருஷத்துல சாத்துக்குடி அளவுக்குப் புதர் மாதிரி கிளை விட்டுச்சு. மாசா மாசம் அண்ணனுக்கு போட்டோ அனுப்புவேன். அவர் பெருசா ஒன்னும் சொல்ல மாட்டார். "நோட்டுல எழுதறியா?"ன்னு மட்டும் கேட்பார்.

சரி, ஆல்கலினிட்டின்னா என்ன? நிறைய பேர் இதைப் பி.எச்.-ஓட போட்டுக் குழப்பிக்கிறாங்க. தண்ணி இப்போ எவ்வளவு அமிலமா, எவ்வளவு காரமா இருக்குங்கிறது பி.எச். (மிளகாய்க் காரம் இல்ல, வேதியியல் காரம்.) அந்தத் தண்ணி இன்னும் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும்ங்கிறது ஆல்கலினிட்டி. ராத்திரி ஹால் கதவை மூடி, ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து மேட்ச் பார்த்தோம்னா, எங்க மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்ஸைடு தண்ணியில கரைஞ்சு பி.எச். 8.2-ல இருந்து 7.9-க்கு வந்துடும். ஆனா ஆல்கலினிட்டி அப்படியே இருக்கும். அன்னைக்கு ஜன்னலைத் திறந்தாலே போதும். பி.எச். இறங்கிடுச்சேன்னு பயந்து ஆல்கலினிட்டி மருந்தை ஊத்தினா, இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்த கதைதான்.

கடல் தண்ணியில அமிலத்தைத் தாங்குற வேலையைப் பெரும்பாலும் பார்க்கிறது பைகார்பனேட்டும் கார்பனேட்டும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்ட எடுத்துக்கிறதும் அதையேதான். கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் தண்ணியில இருந்து எடுத்து, கால்சியம் கார்பனேட்டா படிய வைக்குது. அது ஒன்னும் புதுப் பொருள் இல்ல. நம்ம ஊர்ல கிளிஞ்சலைச் சுட்டு சுண்ணாம்பு எடுப்பாங்களே, அந்தக் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட்தான். மன்னார் வளைகுடாவுல பல காலம் பவளப்பாறையையே வெட்டி எடுத்து சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்தியிருக்காங்க. அங்கே இருந்த 21 தீவுகள்ல ரெண்டு கடலுக்குள்ள போனதுக்கு அதையும் ஒரு காரணமா சொல்றாங்க. ஒரு பாலிப் கண்ணுக்குத் தெரியாத வேகத்துல வருஷக்கணக்கா கட்டினதை நாம மூட்டை மூட்டையா சுட்டிருக்கோம்.

டேங்க்காரங்க ஆல்கலினிட்டியை டி.கே.எச்.-னு ஒரு ஜெர்மன் அளவுல சொல்வாங்க. இயற்கையான கடல் தண்ணி ஏறத்தாழ 6.5-ல இருந்து 7 வரை. டேங்க்ல பொதுவா 7-க்கும் 11-க்கும் நடுவுல எங்கேயாவது வெச்சுக்கிறாங்க. நான் 8-ல வெச்சுக்கிறேன். இது சரியா அது சரியான்னு ஆளுக்கு ஒரு கட்சி இருக்கு, நான் அதுக்குள்ள போகல. எந்த நம்பர்ங்கிறதை விட, அந்த நம்பர் ஆடாம இருக்கிறதுதான் பவளத்துக்கு முக்கியம்.

கால்சியத்தை விட்டுட்டு ஏன் ஆல்கலினிட்டியை முதல்ல பார்க்கணும்? பவளம் ரெண்டையும் ஒரு விகிதத்துலதான் எடுக்குது. 1 டி.கே.எச். குறையும்போது கால்சியம் சுமார் 7 பி.பி.எம். குறையும். கடல் தண்ணியில கால்சியம் 420 பக்கம் இருக்கும். 420-ல 7 போனா எந்த கிட்டும் ஒழுங்கா காட்டாது. ஆனா 8-ல 1 போனா எட்டுல ஒரு பங்கு காலி, உடனே தெரியும். கொத்தனார் எவ்வளவு வேலை பார்த்தார்னு தெரிஞ்சுக்க மலை மாதிரி குவிஞ்சிருக்கிற மணலைப் பார்ப்பீங்களா, எட்டே மூட்டையா இருக்கிற சிமென்ட்டைப் பார்ப்பீங்களா? அதேதான்.

இந்த உறவை ரொம்பப் பெரிய தொட்டியிலேயே பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல, பயோஸ்பியர் 2-னு கண்ணாடிக் கூரைக்குள்ள ஒரு குட்டி உலகம் கட்டினாங்க இல்லையா? அதுக்குள்ள ஒரு கடல் இருக்கு, 26 லட்சம் லிட்டர். மனுஷங்களை உள்ளே பூட்டி வெச்ச அந்த நாடகம்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு அப்புறம் நடந்தது. கிறிஸ் லாங்டன்ங்கிற விஞ்ஞானியும் அவர் குழுவும் அந்தக் கடலோட வேதியியலை மாத்தி மாத்தி, பவளங்களோட சுண்ணாம்புப் படிவு எவ்வளவு வேகமா நடக்குதுன்னு அளந்தாங்க. கார்பனேட் தாராளமா இருந்தா படிவு ஏறுது, குறைஞ்சா இறங்குது. 2000-ல கட்டுரையா வந்துச்சு. காத்துல கார்பன் டை ஆக்ஸைடு கூடக் கூடக் கடலுக்கு என்ன ஆகும்ங்கிற பெரிய கவலைக்கு அது ஒரு முக்கியமான ஆதாரம். ஹால்ல 160 லிட்டர் வெச்சிருக்கிற எனக்கும் அதே வேதியியல்தான்.

இப்போ டெஸ்ட். ரொம்ப எளிமையான விஷயம். நாலு மில்லி டேங்க் தண்ணி எடுத்து, நிறம் காட்டுற திரவத்தை ரெண்டு சொட்டு விடணும். அப்புறம் சிரிஞ்ச்ல இருக்கிற அமிலத்தைச் சொட்டுச் சொட்டா விட்டுக் குலுக்கணும். நீலமா இருக்கிறது ஒரு கட்டத்துல சட்டுன்னு சிவப்புக்குத் தாவும். அதுவரை எவ்வளவு அமிலத்தை அந்தத் தண்ணி விழுங்கிச்சோ, அதுதான் ஆல்கலினிட்டி. அதிகம் விழுங்கினா நம்பர் அதிகம். சீக்கிரம் நிறம் மாறினா நம்பர் கம்மி. இதை மனசுல வெச்சுக்கோங்க, என் கதை இங்கேதான் மாட்டிக்குது.

ஒரு வருஷம் வரைக்கும் 8.2-ஐ ஒட்டியே ஓடுச்சு. டோசிங் பம்ப் தினமும் அளந்து ஊத்தும், நான் வாரா வாரம் டெஸ்ட் பண்ணி நோட்டுல எழுதுவேன். அப்புறம் ஒரு மாசம் நம்பர் இறங்க ஆரம்பிச்சுது. 7.9. அடுத்த வாரம் 7.5. அப்புறம் 7.2, 6.8. அந்த மாசம் ஆபீஸ்ல ரிலீஸ் வேலை தலைக்கு மேல. எழுதி வெச்சேனே தவிர, ஒன்னும் பண்ணல. இப்போ யோசிச்சா, என் சோம்பேறித்தனம்தான் அந்த நாலு வாரமும் டேங்கைக் காப்பாத்தியிருக்கு.

அஞ்சாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில மூணு நாள் மலேசியாவுக்குக் கிளம்பணும். பெட்டி கட்டுற அவசரத்துல டெஸ்ட் பண்ணினா, 6.5. எனக்குப் பக்குன்னுச்சு. ஊருக்குப் போயிருக்கும்போது இன்னும் இறங்கிடுமோ?

பவளங்களைப் பார்த்தா ஒரு குறையும் இல்ல. பாலிப் எல்லாம் நல்லா விரிஞ்சிருந்துச்சு. கிளை நுனியில புதுசா வளர்ற வெள்ளை விளிம்பு தெரிஞ்சுது. கண்ணாடியில ஊதாப் பாசி புள்ளி புள்ளியா படிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. டேங்க்ல இருந்த எல்லா உயிரும் நல்லா இருக்கோம்னு சொல்லுது, ஒரு சின்ன பாட்டில் மட்டும் இல்லைன்னு சொல்லுது. நான் பாட்டிலை நம்பினேன்.

கணக்கு எனக்குத் தெரியும். ஆப்ப சோடான்னா சோடியம் பைகார்பனேட். 100 லிட்டர்ல 1 டி.கே.எச். ஏத்த 3 கிராம் வேணும். 160 லிட்டருக்கு 4.8. ரெண்டு டி.கே.எச். ஏத்தணும்னா 9.6. நகை எடை பார்க்கிற மாதிரி சின்னத் தராசு ஒன்னு வெச்சிருக்கேன், அதுல அளந்து, கரைச்சு, ஊத்திட்டேன். அரை மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணினா 8.1. 8.5 இருந்தா மூணு நாளைக்கு நிம்மதியா போகலாம்னு தோணுச்சு. இன்னும் 2.4 கிராம். மொத்தம் பன்னிரண்டு. அது போதாதுன்னு, டோசிங் பம்ப்பையும் ஒன்றரை மடங்காக்கிட்டுத் தூங்கப் போனேன்.

அந்த 6.5 நிஜமாவே இருந்திருந்தாலும் இது முட்டாள்தனம்தான். ஒரே ராத்திரியில ரெண்டரை டி.கே.எச். ஏத்தக் கூடாது. பவளம் கம்மியான நம்பருக்குக் கூடப் பழகிக்கும், தாவுறதைத்தான் தாங்காது.

திங்கட்கிழமை ராத்திரி வந்து லைட்டைப் போட்டேன். அக்ரோபோரா மூணும் நுனியெல்லாம் எரிஞ்ச மாதிரி வெறும் எலும்பா நிக்குது. அடியில இருந்து சதை நூல் நூலா உரிஞ்சு தண்ணியில ஆடிட்டிருக்கு. அந்த வாசனையை வர்ணிக்க வேண்டாம். பார்த்தவங்களுக்குத் தெரியும்.

உடனே டெஸ்ட். 9.8. அதிகம்தான். ஆனா இவ்வளவு நாசத்துக்கு 9.8 போதுமா? பக்கத்து பிளாக்குல இன்னொரு டேங்க்காரர் இருக்கார். அவர்கிட்ட ஹன்னா செக்கர் இருக்கு. நிறம் மாறுறதை நம்ம கண்ணுக்கு விடாம அதுவே ஒளி பாய்ச்சி அளந்து நம்பர் காட்டுற சின்ன மெஷின். ராத்திரி பதினொன்றரைக்கு அவர் கதவைத் தட்டி வாங்கிட்டு வந்தேன். அது 12.4 காட்டுச்சு.

ஒரே தண்ணி. ஒன்னு 9.8, இன்னொன்னு 12.4. இப்போ எதை நம்புறது?

அப்போதான் அண்ணன் எப்பவோ சொன்னது ஞாபகம் வந்துச்சு. தெரிஞ்ச நம்பர் ஒன்னை நீயே செஞ்சு, அதை ரெண்டுலயும் டெஸ்ட் பண்ணு. அதாவது ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணியில 2.4 கிராம் ஆப்ப சோடாவைக் கரைங்க. அதுல 100 மில்லி எடுத்து, ஆர்.ஓ. தண்ணியாலயே ஒரு லிட்டர் ஆக்குங்க. அந்த ரெண்டாவது கரைசல் சரியா 8 டி.கே.எச். வேதியியல் கணக்கு அது, எந்தக் கம்பெனியையும் நம்ப வேண்டியதில்ல. வேற எதுவும் கலக்காத சுத்தமான ஆப்ப சோடாவா இருக்கணும், தராசு ஒழுங்கா இருக்கணும், அவ்வளவுதான். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது, அதுல அமிலமும் கலந்திருக்கும்.

சமையல் மேடையில, நடுராத்திரி, செஞ்சேன். செக்கர் 8.1 காட்டுச்சு. என் கிட் 6.3.

ஆக, நிஜம் எப்பவுமே 8.2-தான். அஞ்சு வாரமா இறங்கினது டேங்க் இல்ல, என் கிட். ஏன்னு பார்த்தா, அமிலப் பாட்டில் மூடியை நான் ஒழுங்கா இறுக்கல. பாட்டில் இருந்த இடம் டேங்க்குக்குக் கீழே, லைட்டோட சூடான டிரைவருக்குப் பக்கத்துல. பாட்டில்ல இருந்த தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி, அமிலம் கெட்டியாயிடுச்சு. கெட்டியான அமிலம் கம்மியா விட்டாலே நிறம் மாறிடும். கம்மியா விட்டா நம்பரும் கம்மி. கிட் மேல தப்பே இல்ல. மூடி மேலயும் இல்ல.

இப்போ கணக்கைத் திரும்பிப் பாருங்க. வெள்ளிக்கிழமை நிஜத்துல இருந்தது 8.2. பன்னிரண்டு கிராம் சேர்த்து அதை 10.7 ஆக்கிட்டேன். டேங்க் ஒரு நாளைக்கு எடுத்துக்கிறது 1.2. பம்ப் ஊத்தினது 1.8. மூணு நாள்ல இன்னும் 1.8 ஏறிடுச்சு. 12.5 வந்து நிக்குது, செக்கர் காட்டினதும் கிட்டத்தட்ட அதேதான். என் டேங்க்ல நைட்ரேட் வேற ஏறக்குறைய பூஜ்யம். சத்து கம்மியா இருக்கிற தண்ணியில ஆல்கலினிட்டி மட்டும் எகிறினா நுனி எரியும்ங்கிறது டேங்க் வெச்சிருக்கிறவங்க திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம்.

அடுத்த தப்பையும் பண்ண இருந்தேன். கையில அமிலம் இருக்கு, ஊத்தி இறக்கிடலாமான்னு. நல்லவேளை, செக்கர் கொடுத்தவர் போன்லயே கத்தினார். "ஏத்தினதுலயே செத்துக்கிட்டிருக்கு, இன்னொரு தாவல் வேணுமா?" பம்ப்பை நிறுத்திட்டு விட்டுட்டேன். மிச்சமிருந்த பவளங்களும் ஊதாப் பாசியும் எடுக்க எடுக்கத் தானா இறங்குச்சு. 8.5-க்கு வர ஒன்பது நாள் ஆச்சு. பாதி கொத்தனாருங்க செத்துப்போன சைட்டுல சிமென்ட் மெதுவாத்தானே குறையும்?

ரெண்டு அக்ரோபோரா மறுநாளே முழுசா வெள்ளை. மான்டிபோரா ஓரம் மட்டும் வெளுத்து, அப்புறம் தேறிடுச்சு. மிருதுவான பவளங்கள் எதுவுமே நடக்காத மாதிரி ஆடிட்டு இருந்துச்சு. அண்ணனோட பச்சை அக்ரோபோராவுல அடி போயிடுச்சு, ஆனா மேல அஞ்சாறு கிளையில சதை இருந்துச்சு. உரியறது மேல ஏறுறதுக்குள்ள, சதை நல்லா இருக்கிற இடத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே கட்டரால வெட்டினேன். அஞ்சு துண்டு. சூப்பர் க்ளூ ஜெல்லால சின்னக் கல்லுல ஒட்டினேன். அந்த க்ளூ தண்ணிக்குள்ளயும் பிடிக்கும், பவளத்தை ஒன்னும் பண்ணாது. ஒட்டிட்டு, தொட்டியில நீரோட்டம் நல்லா இருக்கிற மூலையில வெச்சேன்.

அதுக்கு அப்புறம் நான் மாத்திக்கிட்டதைச் சொல்றேன். பெருசா ஒன்னுமில்ல. அந்த 8 டி.கே.எச். கரைசலை மாசம் ஒரு தடவை புதுசா செய்யறேன், புது பாட்டில் திறந்தாலும் செய்யறேன். கிட் பெட்டி இப்போ டேங்க்குக்குக் கீழே இல்ல, என் துணி அலமாரியில இருக்கு. (வீட்டுல இதுக்கு எதிர்ப்பு இருக்கு.) டெஸ்ட் பண்றது தினமும் ஒரே நேரத்துல. பகல்ல வெளிச்சத்துல பவளம் வேகமா எடுக்கும், ராத்திரி மெதுவா. காலையில ஒரு நாள், சாயங்காலம் ஒரு நாள் எடுத்தா, அந்த வித்தியாசத்தையே பிரச்சினைன்னு நினைச்சுப்போம். சிரிஞ்ச்ல காத்து இடைவெளி விட்டாலும் விடாட்டாலும் பரவாயில்ல, எப்பவும் ஒரே மாதிரி படிங்க.

ஒரு நம்பரைப் பார்த்து எதுவும் செய்யறதில்ல. செக்கரே பிளஸ் மைனஸ் 0.3, அதுக்கு மேல 5 சதவீதம்னுதான் சொல்லுது. 8-ல கணக்குப் போட்டா 0.7 வரைக்கும் அப்படி இப்படி இருக்கலாம். 8.1 இன்னைக்கு 7.8 ஆனா அது செய்தியே இல்ல. மூணு நாள் தொடர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தா, முதல்ல கரைசலை வெச்சு கிட்டைச் சோதிப்பேன். கிட் சரின்னா மட்டும் டேங்க்ல கை வைப்பேன், அதுவும் ஒரு நாளைக்கு 0.5-க்கு மேல ஏத்த மாட்டேன்.

டேங்க் எவ்வளவு எடுத்துக்குதுன்னு தெரியாம டோசிங் ஆரம்பிக்காதீங்க. பம்ப்பை 24 மணி நேரம் நிறுத்திட்டு, நிறுத்தினப்பவும் மறுநாள் அதே நேரத்துலயும் டெஸ்ட் பண்ணுங்க. 8.2 மறுநாள் 7.0 ஆனா, உங்க டேங்க்கோட பசி 1.2. அதை நாள் முழுக்கச் சின்னச் சின்னதா பிரிச்சு ஊத்துங்க. கால்சியத்தையும் இதையும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல ஊத்தாதீங்க. தண்ணி பால் மாதிரி வெளுத்து, பவளத்துக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு ஹீட்டர்லயும் மோட்டார்லயும் போய் ஒட்டிக்கும். புதுசா தொடங்குறவங்க, பவளம் கம்மியா இருந்தா, டோசிங்கே வேண்டாம். வாரம் ஒரு தடவை தண்ணி மாத்துறதே போதும். ஆனா உப்புப் பாக்கெட்டைப் படிங்க. சில உப்பு 11, 12-ல கரையும். 8-ல இருக்கிற டேங்க்ல 15 சதவீதம் மாத்தினா அரை டி.கே.எச். ஏறிடும்.

சுண்ணாம்புத் தண்ணி பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தீங்க. ஆமாம், நிஜமான சுண்ணாம்புதான். ஜெர்மன்காரங்க கால்க்வாசர்னு சொல்வாங்க, அந்தப் பேருக்கே சுண்ணாம்புத் தண்ணின்னுதான் அர்த்தம். பீட்டர் வில்கென்ஸ்ங்கிறவர் பவளத் தொட்டிகளுக்கு இதைப் பரவலாக்கினார். டேங்க்ல ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா, பவளம் எடுக்கிற அதே விகிதத்துல கால்சியமும் ஆல்கலினிட்டியும் சேர்ந்தே போகும். என் டேங்க்ல தினம் ரெண்டு லிட்டர் ஆவியாகுதுன்னா, அதுலேயே 1.4 டி.கே.எச். வரைக்கும் கொடுத்துடலாம். விலையும் ரொம்பக் கம்மி. ஆனா அதோட பி.எச். 12-க்கு மேல. மிதவை ஒன்னு மாட்டிக்கிட்டு மொத்தமும் ஒரே நேரத்துல இறங்கிடுச்சுன்னா, என் பன்னிரண்டு கிராம் எல்லாம் விளையாட்டு. வெத்தலைக்கடை சுண்ணாம்பை வாங்கிப் போட்டுடாதீங்க, அதுல வேற என்னென்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

கடைசியா அண்ணன் விஷயம். பத்து நாள் நான் அவருக்குச் சொல்லல. போட்டோ வரலையேன்னு அவரே கூப்பிட்டார். எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பின்னாடி ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் கேட்டார்.

"எத்தனை துண்டு வெட்டின?"

"அஞ்சுண்ணா."

"இப்போ எத்தனை இருக்கு?"

"மூணு. ஒன்னு கொஞ்சம் சந்தேகம்."

"சந்தேகமா இருக்கிறதை நகர்த்தாத. அப்படியே விடு. நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்ப்போம்."

அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல அந்த அஞ்சு வாரத்தையும் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். கீழே ஒரே வரி. "பவளம் நல்லா இருக்கும்போது நம்பர் இவ்வளவு ஒழுங்கா இறங்காதுடா."

சந்தேகமா இருந்த துண்டு போயிடுச்சு. மிச்சம் ரெண்டு. இப்போ எட்டு மாசம் ஆகுது. ரெண்டும் கல்லு மேல வட்டமா பரவி, மேல கிளை விட ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்குக் காலையில டெஸ்ட் பண்ணினேன், 7.8. நேத்து 8.1. நோட்டுல எழுதிட்டு, மூடியை இறுக்கி மூடிட்டு, இங்கே பேச வந்துட்டேன்.